கேட்லியா லேபியாட்டா வளர்ப்பு: சேலத்துக்கு ஒரு முறை, ஏற்காட்டுக்கு வேறொரு முறை

ஆர்க்கிட் வளர்ப்பில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் டென்ட்ரோபியத்தில் தொடங்கி, அடுத்ததாகக் கேட்லியா பக்கம் வருவார்கள். நர்சரிகளில் கேட்லியா என்று கிடைப்பவை அநேகமாகக் கலப்பினங்கள். அந்தக் கலப்பினங்களின் மூதாதை வரிசையில் நிற்கும் அசல் இனங்களில் ஒன்றுதான் கேட்லியா லேபியாட்டா. கையகலத்துக்கு மேல் விரியும் இளஞ்சிவப்புப் பூ. உதட்டிதழில் அடர் ஊதா. அதன் ஓரம் சுருக்கம் வைத்துத் தைத்த பாவாடை விளிம்பு போல நெளிந்திருக்கும். காலை வெயில் பட்டதும் மணம் வரும்.

இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஸ்வைன்சன் பிரேசிலிலிருந்து அனுப்பிய செடி, இங்கிலாந்தில் வில்லியம் கேட்லி என்பவரின் கண்ணாடிக் குடிலில் 1818இல் பூத்தது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி 1821இல் அதை விவரித்து, கேட்லியின் பெயரையே பேரினத்துக்கு வைத்தார். அதன் பிறகு ஏறத்தாழ 70 ஆண்டுகள் இதன் காட்டிடம் எது என்று ஐரோப்பியர்களுக்குத் தெரியாமலே இருந்தது. ரியோ பக்கத்து மலைகளில் தேடினார்கள், செடியோ வடகிழக்கில் இருந்தது.

அந்தக் காட்டிடம் நமக்கு முக்கியம். பெர்னாம்புகோ, பராய்பா, சியாரா, அலகோவாஸ் மாநிலங்களில், வறண்ட சமவெளிக்கு நடுவே ஈரக்காற்றைப் பிடித்து நிறுத்தும் மலைகளில், பெரும்பாலும் 500 முதல் 1000 மீட்டர் உயரத்தில் இது மரக்கிளைகளிலும் பாறைகளிலும் ஒட்டி வளர்கிறது. சேலம் நகரம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். செடியின் சொந்த உயரம் இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிறது. அதனால் இரண்டு இடத்திலும் வளரும். ஆனால் கீழே நாம் சூட்டையும் உப்புநீரையும் சமாளிக்க வேண்டும், மேலே பனியையும் விடாத ஈரத்தையும் சமாளிக்க வேண்டும். ஏற்காட்டுக்காரர் சொன்ன பக்குவத்தைச் சேலம் சூரமங்கலத்தில் அப்படியே செய்தால் செடி காய்ந்துவிடும். சேலத்துப் பக்குவத்தை மேலே கொண்டுபோனால் அழுகிவிடும்.

செடி வாங்கும்போது

குறைந்தது நான்கு குமிழ்த்தண்டுகள், அதாவது நீரைச் சேர்த்துவைத்து இலையைத் தாங்கும் தடித்த தண்டுகள், உள்ள செடியாக வாங்குங்கள். வளர்ப்பவர்கள் இதைப் பல்ப் என்பார்கள்; நாமும் அப்படியே சொல்வோம். லேபியாட்டாவில் ஒரு பல்புக்கு ஒரே ஓர் இலைதான், தடித்து விறைப்பாக இருக்கும். இரண்டு மூன்று இலை இருந்தால் அது வேறு இனம், அல்லது கலப்பினம். ஆய்வகக் குடுவையில் வளர்த்து எடுத்த சிறு கன்று விலை குறைவுதான், ஆனால் பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும்; புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பல்பை மூடியிருக்கும் காய்ந்த காகிதத் தோலை ஓரிடத்தில் உரித்துப் பாருங்கள்; வெள்ளைப் பொடியோ பழுப்புச் செதில்களோ இருந்தால் வேண்டாம். செடியைப் பிடித்து லேசாக அசைத்தால் தொட்டியோடு சேர்ந்து அசைய வேண்டும். செடி மட்டும் ஆடினால் வேர் இல்லை என்று அர்த்தம். வாங்கியதை மற்றச் செடிகளிலிருந்து மூன்று வாரம் தள்ளி வையுங்கள்.

எல்லா ஆர்க்கிட்களும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருபவை. வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைக்க, அதற்கான அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும். உள்நாட்டு நர்சரிகளில் வளர்த்து விற்பதை வாங்குவதே நேர்வழி. தென்னமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த செடியாக இருந்தால், அது தன் ஊர்க் கணக்குப்படி பிப்ரவரி, மார்ச்சில் பூக்கப் பார்க்கும். நம் பருவத்துக்குத் திரும்ப ஓரிரு ஆண்டு ஆகும். அதுவரை பூக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இடமும் வெளிச்சமும்

கேட்லியாவுக்கு 25,000 முதல் 35,000 லக்ஸ் வெளிச்சம் வேண்டும்; லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி தோராயமான கணக்கைக் காட்டும். கருவி இல்லாவிட்டால் இலையே சொல்லும்: லேசாக மஞ்சள் ஓடிய வெளிர்பச்சை சரியான வெளிச்சம், கரும்பச்சையாக, நீண்டு தொங்கினால் இருட்டு. கரும்பச்சை இலை பார்க்க அழகாக இருக்கும், பூ மட்டும் வராது.

சேலத்தில் மொட்டை மாடி என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை 50 சத நிழல்வலை போதும். மார்ச் பிறந்ததும் இரண்டாவது அடுக்கைப் போடுங்கள், அல்லது 75 சத வலைக்கு மாறுங்கள். தளத்தின் சிமென்ட் பகலெல்லாம் சூட்டைக் குடித்து இரவில் கக்கும். தொட்டியைத் தரையில் வைத்தால் வேருக்கு இரவிலும் ஓய்வு இல்லை. குறைந்தது ஒரு மீட்டர் உயரத்தில் இரும்பு ஸ்டாண்டிலோ கொக்கியிலோ வையுங்கள், மாலையில் தளத்தில் தண்ணீர் தெளியுங்கள். பகல் இரண்டு மணிக்கு இலையைத் தொட்டுப் பாருங்கள். கையை விடச் சூடாக இருந்தால் நிழலோ காற்றோ போதவில்லை. கிழக்குப் பார்த்த தாழ்வாரம் கிடைத்தால் மாடியை விட அது மேல்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலில் தொங்கவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். செடி உயிரோடு இருக்கும், பூக்காது. அந்த நிழல் காப்பிக்கு அளவானது, கேட்லியாவுக்கு அதிகம். திறந்த இடத்தில் நாற்புறமும் காற்று புகும்படி, மேலே மட்டும் கெட்டியான பாலிதீன் அல்லது பாலிகார்பனேட் கூரை போட்டு, அதன் கீழ் 30 முதல் 50 சத வலை கட்டுவதே சரி. மேலே கூரை ஏன் கட்டாயம் என்பதைப் பூ பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

தொட்டியும் கலவையும்

மண் வேண்டவே வேண்டாம். செம்மண், மணல், தொழுவுரம், மண்புழு உரம் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. இதன் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போன்ற உறை இருக்கிறது. நனைந்தவுடன் நீரை உறிஞ்சிக்கொண்டு, பிறகு காற்றில் காய வேண்டும். காயாத வேர் மூச்சு முட்டி அழுகும்.

பக்கவாட்டிலும் துளை உள்ள மண்தொட்டி, ஆறு அங்குல அளவு, நான்கைந்து பல்ப் உள்ள செடிக்குப் போதும். பெரிய தொட்டியில் நட்டால் வேகமாக வளரும் என்று எண்ண வேண்டாம்; நடுவில் ஈரம் தேங்கி வேர் போகும்.

சேலத்துக்கு: அடுப்புக்கரி 2 பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு 1 பங்கு, உடைத்த நாட்டு ஓடு 1 பங்கு. ஏற்காட்டுக்கு: கரி 3 பங்கு, ஓட்டுத் துண்டு 2 பங்கு, மட்டையே வேண்டாம், மேலே உள்ள ஈரத்தில் அது ஓராண்டிலேயே கூழாகிவிடும். துண்டுகள் எல்லாம் 2 முதல் 3 சென்டிமீட்டர் இருக்கட்டும். சின்னத் துண்டுகள் இடைவெளியை அடைத்துவிடும் என்பதால், தூளைச் சல்லடையில் சலித்துத் தள்ளிவிடுங்கள். கரியைச் சாம்பல் போகக் கழுவி ஒரு நாள் ஊறவிடுங்கள். மட்டையை மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மட்டையில் இருக்கும் உப்பும் பழுப்புச் சாயமும் இறங்க வேண்டும்.

நடுவதும் மாற்றி நடுவதும்

நேரம்தான் இதில் எல்லாம். முன்பக்கத்துப் பல்பின் அடியிலோ புதுக்குருத்தின் அடியிலோ பச்சை நுனியோடு புது வேர் எட்டிப் பார்க்கும்போது, அது 1 அல்லது 2 சென்டிமீட்டர் இருக்கையிலேயே மாற்றுங்கள். இங்கே அது பெரும்பாலும் பூ முடிந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் அமையும். நாட்காட்டியைப் பார்த்துச் செய்ய வேண்டாம், வேரைப் பார்த்துச் செய்யுங்கள். வேர் ஐந்து சென்டிமீட்டர் நீண்டுவிட்டால் கையாளும்போது ஒடியும். ஒடிந்த நுனி மேலே வளராது.

முதலில் தொட்டியை அரை மணி நேரம் நீரில் வையுங்கள்; தொட்டியில் ஒட்டிய வேர் இளகும். செடியை எடுத்துப் பழைய கலவையை உதறுங்கள். வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் விடுங்கள். நசுங்கித் தோல் கழன்று நார் மட்டும் வந்தால் வெட்டுங்கள். வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் முன்னால் கேஸ் அடுப்புத் தீயில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆர்க்கிட் வைரஸ்கள் பெரும்பாலும் கத்தி வழியாகத்தான் செடி விட்டுச் செடி தாவுகின்றன, வந்துவிட்டால் மருந்தே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் கூடவே கூடாது.

செடியைப் பிரிப்பதானால் ஒவ்வொரு பங்கிலும் மூன்று அல்லது நான்கு பல்ப் இருக்கட்டும். வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வையுங்கள். வேரில் அது படக் கூடாது, வேரையும் உலர்த்திவிடும்.

தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் பெரிய ஓட்டுத் துண்டுகள். பழைய பல்ப் தொட்டியின் விளிம்பை ஒட்டி, புதுக்குருத்து நடுப்பக்கம் பார்த்து நிற்கட்டும். முன்னால் இரண்டு ஆண்டு வளர்ச்சிக்கு இடம் வேண்டும். பல்ப்களை இணைக்கும் படுத்த தண்டு கலவைக்கு மேலேயே தெரிய வேண்டும், புதைக்கக் கூடாது. குச்சி ஊன்றி, பல்ப்களைச் சணல் கயிற்றால் கட்டுங்கள். தொட்டியைத் தூக்கி ஆட்டினாலும் செடி அசையக் கூடாது. ஆடும் செடியில் புது வேர்நுனி கரியில் உரசி உரசி மடிந்துவிடும். நட்டபின் ஐந்து முதல் ஏழு நாள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காலையில் இலைக்கு மட்டும் லேசாகத் தெளித்தால் போதும்.

தண்ணீர்

சேலத்தில் கேட்லியா சாவதற்கு வெயிலை விடத் தண்ணீரின் தரமே பெரிய காரணம் என்பது எங்கள் முடிவு. ஊரின் ஓரத்தில் மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது நிறைந்த சுண்ணாம்புக்கரடு இருக்கிறது. பல பகுதிகளில் போர்வெல் நீர் கடினமானது. மண்தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு, கருகிய வேர்நுனி, பழுத்துக் கருகும் இலை நுனி, இவை உப்பின் அடையாளம். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அது காட்டும் அளவு 200க்குள் இருந்தால் நல்லது. 500க்கு மேல் இருந்தால் ஊற்றாதீர்கள். மழைநீரைப் பிடித்து, மூடிய 200 லிட்டர் டிரம்மில் சேமித்தால் நாலைந்து தொட்டிகளுக்குப் பல மாதம் வரும். மழைநீர் குறைவாக இருந்தால் மூன்று பங்கு மழைநீரோடு ஒரு பங்கு போர்வெல் நீர் கலக்கலாம். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது போர்வெல் நீரை விடவும் உப்பு மிகுந்தது, ஆர்க்கிட்டுக்கு ஊற்றவே கூடாது.

எப்போது ஊற்றுவது? ஒரு மூங்கில் குச்சியைக் கலவைக்குள் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி ஈரமாக வந்தால் இன்று வேண்டாம். தொட்டியின் எடையும் சில வாரங்களில் கைக்குப் பழகிவிடும். சேலத்தில் மார்ச் முதல் மே வரை தினமும் காலை ஏழு மணிக்குள் ஊற்ற வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை. பூ முடிந்த டிசம்பர், ஜனவரியில் ஐந்து நாளுக்கு ஒருமுறை போதும். ஏற்காட்டில் கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. ஜூன் முதல் நவம்பர் வரை பனிமூட்டமே பாதி வேலையைச் செய்துவிடும், ஒரு வாரம் ஊற்றாமலே போகலாம். டிசம்பர் இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும்போது செடி உலர்ந்திருந்தால் தாங்கும், நனைந்திருந்தால் தாங்காது.

ஊற்றும்போது அடித்துளை வழியாக நன்றாக வழியும் வரை ஊற்றுங்கள். புதுக்குருத்தின் மடிப்புக்குள் தண்ணீர் நின்றால் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

உரம்

புதுக்குருத்து கிளம்பியது முதல் ஆகஸ்ட் வரை, வாரம் ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம், லிட்டருக்கு 1 கிராம். முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்துவிட்டு அதன் பிறகே உரநீர். மாதம் ஒருமுறை உரம் இல்லாமல் தொட்டி கொள்ளளவுக்கு மூன்று மடங்கு நீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். கரி உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைநீர் மட்டுமே பயன்படுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம் தனியாகக் கொடுங்கள். 19:19:19 உடன் கலக்க வேண்டாம். செப்டம்பர் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், பூ முடிந்து ஓய்வில் இருக்கையில் வேண்டாம். பஞ்சகவ்யம், கடலைப் புண்ணாக்குக் கரைசல் போன்றவை வயலுக்கு அருமையானவை; இங்கே அவை கலவையின் இடைவெளியை அடைத்து வேரைக் கெடுக்கும்.

உறையிலிருந்து பூ வரை

புது இலை விரியும்போது அதன் அடியிலிருந்து தட்டையான பச்சை உறை ஒன்று எழும்பும். லேபியாட்டாவில் பல சமயம் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை உறை வரும். உறை வந்தும் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும், கவலை வேண்டாம். இந்தச் செடி பகல் குறைவதை வைத்துத்தான் மொட்டு விடுகிறது. பெர்னாம்புகோ நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 8 பாகை, சேலம் வடக்கே பதினொன்றரை. பகல் நீள்வதும் குறைவதும் இரண்டு ஊரிலும் சிறிய அளவுதான், மாதங்கள் மட்டும் தலைகீழ். எனவே நம் ஊரில் ஜூன் கடைசியிலிருந்து பகல் சுருங்கிக்கொண்டே வர, செப்டம்பர் முதல் நவம்பருக்குள் பூக்கும்.

இதில் ஒரு சிக்கல்: தெருவிளக்கோ தாழ்வாரத்து டியூப்லைட்டோ இரவில் வெகுநேரம் செடி மேல் விழுந்தால், செடிக்குப் பகல் குறையவே இல்லை என்று தோன்றும். நன்றாக வளர்ந்து, உறையும் வந்து, ஆண்டுதோறும் பூக்காமலே இருக்கும் செடிகளுக்கு இதை முதலில் சந்தேகியுங்கள். ஜூலை முதல் இரவில் இருட்டாக இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள்.

பெரிய சிக்கல் மழை. மொட்டு உறைக்குள் ஏறும் அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. உறைக்குள் ஒரு ஸ்பூன் தண்ணீர் இறங்கினாலும் மொட்டு கறுத்து அழுகும். கூரை கட்டாயம் என்றது இதனால்தான். சேலத்தில் நிழல்வலை மட்டும் வைத்திருப்பவர்கள் செப்டம்பர் கடைசியில் செடியை சன்ஷேடு அடிக்கு மாற்றுங்கள். மாலையில் உறைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே மொட்டு நிழலாகத் தெரியும். உறைக்குள் நீர்த்துளி தெரிந்தாலோ, உறை பழுப்பாகி ஈரமாக இருந்தாலோ, தீயில் காட்டிய பிளேடால் உறையின் நுனியை வெட்டி ஓரத்தில் கீறித் திறந்து, மொட்டைத் தொடாமல் நீரை வடியவிடுங்கள். உறை இல்லாமலும் மொட்டு வளரும்.

மொட்டு உறையை விட்டு வெளியே வந்தபின் தொட்டியைத் திருப்பவோ இடம் மாற்றவோ வேண்டாம். மாற்ற வேண்டியதை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். எத்திலீன் வாயுவுக்குக் கேட்லியா மொட்டு மிகவும் அஞ்சும். வெளியிதழ்கள் காகிதம் போலக் காய்ந்துவிடும். பழுக்கும் வாழைப்பழமும் புகையும் எத்திலீன் தருபவை. ஆயுதபூஜைக்கு வாங்கிய வாழைத்தாரை மொட்டுச் செடி இருக்கும் அறையில் தொங்கவிடாதீர்கள். தீபாவளி அன்று தெருப்பக்கம் இருக்கும் செடியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் இடம் மாற்றும் ஆபத்தை ஏற்கலாம், புகை அதை விடக் கெடுதல்.

பூ இரண்டு மூன்று வாரம் நிற்கும். நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடுவது எங்கே

வெயில் சூடு: இலையின் மேல்வளைவில் வெளுத்து, பிறகு பழுப்பாகிக் காய்ந்த திட்டு. அது பரவாது. நிழலைக் கூட்டினால் போதும், இலையை வெட்ட வேண்டாம்.

கருப்பு அழுகல்: பல்பின் அடியிலிருந்தோ குருத்திலிருந்தோ நீர் கோத்த கருமை ஏறும், இலை தொட்டதும் கழன்று விழும். இது சில நாளிலேயே செடியைக் கொல்லக்கூடும், ஏற்காட்டு மழை மாதங்களில் அதிகம். பார்த்த அன்றே கருமைக்குக் கீழே நல்ல பகுதி வரை வெட்டுங்கள். செடியைக் காற்றோட்டமான இடத்தில் தனியே வைத்து, மெட்டலாக்சில், மேன்கோசெப் கலந்த பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளித்து, ஒரு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள்.

செதில்பூச்சி, மாவுப்பூச்சி: பல்பின் காய்ந்த தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். தோலை உரித்து, பழைய டூத்பிரஷில் சோப்பு நீர் தொட்டுத் தேயுங்கள். பிறகு வேப்பெண்ணெய் 5 மில்லி, சோப்புக் கரைசல் 2 மில்லி, தண்ணீர் 1 லிட்டர் கலந்து, மாலையில் தெளியுங்கள்; பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. எறும்பு இருந்தால் இவை திரும்பத் திரும்ப வரும். ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, கொசு வராமல் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நத்தைக்கும் இதுவே தடை.

பல்ப் சுருங்குவது: உடனே தண்ணீரைக் கூட்டுகிறார்கள், அது தவறாகப் போகலாம். நீர் குறைந்தாலும் சுருங்கும், வேர் அழுகி நீரை எடுக்க முடியாவிட்டாலும் சுருங்கும். முதலில் ஒரு துண்டு கரியை எடுத்துவிட்டு வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக உறுதியாக இருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். வேர் போயிருந்தால் புது வேர் வரும் பருவத்துக்குக் காத்திராமல் உடனே எடுத்துச் சுத்தம் செய்து, சிறு தொட்டியில் வெறும் ஓட்டுத் துண்டில் கட்டி வைத்து, நிழலான இடத்தில் காலை மாலை இலைக்கு மட்டும் தெளியுங்கள். அடுத்த குருத்தின் அடியில் வேர் வரும்வரை உரம் கொடுக்க வேண்டாம்.